றொட்வைலர் வாங்க நினைக்கிற ஆக்களுக்கு: மாமி வீட்டில கண்டது

மதில் கட்டி முடிஞ்ச கையோட றொட்வைலர் குட்டி தேடுற ஆக்கள் இப்ப யாழ்ப்பாணத்தில கனபேர். பிள்ளையள் வெளிநாட்டில, வீட்டில வயசான தாய் தகப்பன் மட்டும், இரவில பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனா அந்தச் சாதி நாயை எதுக்காக வளர்த்தெடுத்தவை எண்டு தெரியாமல் குட்டியைத் தூக்கிக்கொண்டு வராதேங்கோ. கோண்டாவில்ல எங்கட மாமி வீட்டில நடந்ததைச் சொல்லுறன்.

அவையின்ர நாய் ஆண், ரெண்டரை வயசு, அம்பது கிலோவுக்குக் கிட்ட வரும். ஒரு பின்னேரம் பேரப்பிள்ளையள் முத்தத்தில ஓடிப்பிடிச்சு விளையாட, அது எழும்பிப் போச்சுது. குரைக்கேல்லை. ஓடுற பிள்ளைக்குக் குறுக்கால போய், தோளாலயும் இடுப்பாலயும் தள்ளித் தள்ளி, எல்லாரையும் விறாந்தை மூலைக்குள்ள ஒதுக்கிப்போட்டு முன்னால நிண்டுது. சின்னவன் விழுந்து முழங்கால் உரஞ்சிப்போச்சு. பக்கத்து வீட்டு அக்கா "ஐயோ, கடிக்கப்போகுது!" எண்டு கத்திக்கொண்டு ஓடிவந்தா. ஒரு பிள்ளையிலயும் பல்லுப் படேல்லை. ஜேர்மனியில றொட்வைல் எண்ட ஊரில, இறைச்சிக்கடைக்காரர் மாடு சாய்க்கவும் வண்டில் இழுக்கவும் வச்சிருந்த நாய் இது. நகராத மாட்டை உடம்பால இடிச்சு நகர்த்தின பழக்கம் இரத்தத்தில ஊறிக் கிடக்குது. பொலிஸ் நாயா அங்கீகாரம் கிடைச்சது 1910இலதான். காவலுக்கு எண்டு நாங்கள் வாங்கினாலும், ஓடுறதை மறிச்சு ஒரு இடத்தில சேர்க்கிற குணமும் கூடவே வரும்.

மற்றது, கனடாவில இருந்து வந்த மச்சான்ர கதை. பகல் முழுக்க நாயோட நல்ல வாரப்பாடு. மாமா பக்கத்தில நிக்க, பிஸ்கற்றும் குடுத்தவர். விடியப்புறம் கிணத்தடிக்குப் போட்டுத் திரும்பி வரேக்க அடுப்படி வாசல்ல நாய் குறுக்க நிண்டுது. நான் விறாந்தையில இருந்து பார்த்துக்கொண்டிருந்தனான். நாக்கைத் தொங்கவிட்டு இளைச்சுக்கொண்டு நிண்டது, ஆள் கிட்ட வர வாயை மூடிச்சுது. காது முன்னுக்கு, முன்னங்கால் ரெண்டையும் ஊண்டி, கண் வெட்டாமல் ஒரு பார்வை. அந்த வாய் மூடுறதைத்தான் கவனிக்கவேணும், உறுமல் பிறகுதான் வரும். சில நாய் உறுமாமலே பாயும். மச்சான் ஓடாமல், முகத்தைப் பாராமல், பக்கவாட்டில திரும்பி அப்பிடியே நிண்டார். மாமா எழும்பி வந்து பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் வழி விட்டுது. மாமாவோட நிண்டா விருந்தாளி, இருட்டில தனிய வந்தா பிறத்தி ஆள். நாயின்ர கணக்கு அது, அதில பிழை சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

"மாமி!" எண்டு கூப்பிட்டபடி படலையைத் தள்ளிக்கொண்டு உள்ள வாற ஊர் எங்கட ஊர். ஊர்நாய் வேலிக்குள்ள நிண்டு குரைச்சு அறிவிக்கும், ஆள் துணிஞ்சு வந்தா அனேகமாப் பின்வாங்கும். இது சத்தமில்லாமல் முன்னுக்கு வரும். குட்டியில எல்லாரோடயும் விளையாடினது ஒண்டரை ரெண்டு வயசில வளவைக் காக்கத் தொடங்கும். அதால பால்காரர், மீற்றர் பார்க்க வாறவர், பிள்ளையளின்ர கூட்டாளிமார் எண்டு எல்லாரையும் மூண்டு நாலு மாசக் குட்டியா இருக்கேக்கயே பழக்கவேணும். சங்கிலியில கட்டி வச்சா காவல் கூடும் எண்டு கனபேர் நினைக்கினம். கட்டின நாய்க்கு விலகிப்போக வழியில்லை, அதால கடிதான் கூடும். அந்தத் தடிச்ச கறுப்பு மயிரோட எங்கட சித்திரை வெயிலையும் அது தாங்காது.

மாமியாக்கள் இப்ப பெரிய கேற்றுக்கு உள்ள இன்னொரு சின்னக் கேற் போட்டு, வெளியில மணியும் பூட்டியிருக்கினம். மணி அடிச்சா மாமா போய்த்தான் திறப்பார். பிள்ளையள் ஓடி விளையாடுற நேரம் நாய் பின்வளவில நிக்கும்.

குட்டி வாங்கப் போறனியள் விக்கிறவரிட்டத் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கோ. தாய்க்குக் கிட்டவே ஆள் போக ஏலாது எண்டா நான் அந்தக் குட்டியை எடுக்கமாட்டன்.