களியக்காவிளைப் பக்கம் லாகர் (அளவைப் பதிஞ்சு சர்வருக்கு அனுப்புற கருவி) அடிக்கடி ஆஃப்லைன்: வேற யாருக்காவது இப்படி?

குழித்துறை_நீர்மட்டம்:
4ஜி மாடம், எம்2எம் சிம் (கருவிகளுக்கான சிம்), சிஎஸ்க்யூ, அதாவது 31 வரை போற சிக்னல் அளவு, 24. சிக்னல் அருமை. ஆனா சர்வர்ல மணிக்கணக்கா ஒண்ணுமில்ல. லேப்டாப்பைச் செருகி, எந்த நெட்வொர்க்ல பதிவாகியிருக்குன்னு மாடத்தைக் கேக்குற ஏடி+சிஇஆர்இஜி? கட்டளை அடிச்சா 0,5. நம்ம தொலைத்தொடர்பு வட்டத்து நெட்வொர்க்னா 0,1 வரணும், 5ன்னா ரோமிங். எல்லை தாண்டி கேரளா டவர் பலமா அடிக்குது, மாடம் அங்க போய் ஒட்டிக்குது. லாகர் செட்டிங்ல ரோமிங் டேட்டா ஆஃப். அதனால பதிவு ஆகும், டேட்டா செஷன் மட்டும் திறக்காது. கடுப்பு என்னன்னா, மாடம் முகப்புல உள்ள பச்சை விளக்கு 1க்கும் 5க்கும் ஒரே மாதிரிதான் மின்னுது. ரோமிங்கை ஆன் பண்ணினதும் மெமரில கிடந்ததெல்லாம் மளமளன்னு இறங்கிட்டு.

முப்பந்தல்_மாஸ்ட்:
ரோமிங் ஆன் பண்றது அரை வைத்தியம். நெட்வொர்க்கை நாமளே தேர்ற ஏடி+காப்ஸ்=1 கட்டளை போட்டு தமிழ்நாட்டு நெட்வொர்க் கோடைப் பூட்டிருங்க.
இங்க சங்கதி வேற. காத்து வலுக்கும்போது மட்டும் டேட்டா அறும், ஓய்ஞ்சா வரும். ஆன்டெனா ஒயரைக் கையால லேசா ஆட்டினா சிஎஸ்க்யூ 19லேர்ந்து 6. எஸ்எம்ஏ கனெக்டர் (ஆன்டெனா ஒயரை மாடத்துல திருகுற முனை) ஆட்டத்துல கழண்டிருக்கு. ஒயரோட பாரம் கனெக்டர்ல தொங்கப்பிடாது. ஒரு சாண் கீழேயே கம்பத்தோட கிளாம்ப் அடிக்கணும்.

பேச்சிப்பாறை_மழைமானி:
அண்ணாச்சி, காப்ஸ்=1 போட்டா அந்த நெட்வொர்க் விழுந்த அன்னைக்கு லாகரும் சேர்ந்து விழும். 4 போடுங்க, கேட்டது கிடைக்கலன்னா தானா வேற தேடும்.
அதுக்கு முன்னாடி கரண்டைப் பாருங்க. மாடம் சும்மா இருக்கும்போது பேட்டரி 12.4 வோல்ட் காட்டும், அதை நம்பாதீங்க. டேட்டா அனுப்புற நேரத்துல மாடம் டெர்மினல்லயே மீட்டரை வைங்க. 0.5 சதுர மி.மீ. ஒயர் 10 மீட்டர்னா, போக வர 20 மீட்டர், சுமார் 0.7 ஓம். 1 ஆம்பியர் இழுத்தா 0.7 வோல்ட் வழியிலேயே போச்சு. மழைமூட்டத்துல பேட்டரி 12க்கு வந்தா, மாடத்துக்கு 11.3 தான், மாடம் அணைஞ்சுபோற கட்-ஆஃப் 11.5ன்னா அனுப்பத் தொடங்கின உடனே ரீஸ்டார்ட். 2.5 சதுர மி.மீ. போட்டா தீரும்.
ஆன்டெனா ஒயரும் அப்படித்தான்: ஆர்ஜி58ங்கிற மெல்லிசு ஆன்டெனா ஒயர் 10 மீட்டர்னா 900 மெகாஹெர்ட்ஸ்ல சுமார் 5 டெசிபல் தின்னுரும். மாடத்தை மேல ஏத்துங்க, ஒயரைக் குறைங்க.
பிங்குக்கு (ஆள் இருக்கான்னு நெட் வழியா தட்டிப் பாக்குறது) பதில் வரலன்னு லாகரை மாத்தவும் ஓடாதீங்க. லாகரோட ஐபி முகவரி 10.ன்னோ 100.64ன்னோ தொடங்கினா அது நெட்வொர்க் உள்ளுக்குள்ள மட்டும் செல்லுற முகவரி, வெளியேர்ந்து பிங் பண்ணினா பதில் வராது. லாகரே சர்வருக்குத் தள்ளுற மாதிரி வைங்க.

குளச்சல்_அலை:
கடலோரத்துல இதெல்லாம் ரெண்டாவது. கனெக்டரைக் கழட்டுங்க, உள்ளே பச்சை பூத்திருந்தா சுரண்டாதீங்க. உள்ளே இருக்குற கம்பிப் பின்னல்ல கருத்த பகுதி தீர்ற வரைக்கும் ஒயரை வெட்டிட்டு புது கனெக்டர், மேல தானே ஒட்டுற ரப்பர் டேப், கீழேர்ந்து மேலே சுத்தணும்.

குழித்துறை_நீர்மட்டம்:
காப்ஸ்=4 போட்டாச்சு. இப்போ 0,1. ரோமிங்கும் ஆன்லதான் இருக்கு, அணைக்கல.