காசு மட்டும் கட்டினால் போதுமா? மிச்சிகனில் பார்த்தது

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வுக் கட்டணம் கட்டும் யோசனைக்கு, "காசு கட்டிவிட்டால் தேர்வு எழுதப் போய்விடுவார்களா?" என்று டாலஸில் இருக்கும் அண்ணன் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

நான் இருக்கும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் கல்லூரித் தகுதித் தேர்வு இலவசம். 2007இல் ஏசிடி என்ற தேர்வோடு ஆரம்பித்தது, 2016 முதல் அதற்குப் பதில் எஸ்ஏடி என்ற தேர்வு. தனியாகப் பதிந்தால் சுமார் 70 டாலர் ஆகும். ஆனால் காசைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. சனிக்கிழமை காலையில் வேறொரு பள்ளிக்குப் போய் எழுத வேண்டும். வீட்டில் ஒரே கார், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால்? இப்போது படிக்கிற பள்ளியிலேயே, வகுப்பு நடக்கிற நாளிலேயே எழுதுகிறார்கள். என் மகளும் அப்படித்தான் எழுதினாள். (அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் பயப்பட வேண்டாம், சனிக்கிழமைத் தேர்வுக்கு உள்ள அதே மதிப்புதான் இதற்கும்.)

ஜோஷுவா ஹைமன் என்ற பொருளாதார ஆய்வாளர் இதை ஆராய்ந்து 2017இல் எழுதினார். தாமாகத் தேர்வு எழுதி, கல்லூரிக்குப் போதுமான மதிப்பெண் வாங்கும் ஏழைப் பிள்ளைகள் பத்துப் பேர் என்றால், எழுதினால் அதே அளவு வாங்கக்கூடிய இன்னும் ஐந்து பேர் தேர்வுப் பக்கமே வருவதில்லையாம். இதைப் படித்தபோது எனக்கு நம்ம வகுப்பின் கடைசி பெஞ்சுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் அண்ணன் சந்தேகமும் வீண் இல்லை. அதே ஆய்வில், நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் கூடியது கொஞ்சம்தான். மதிப்பெண் கைக்கு வந்த பிறகு விண்ணப்பம், உதவித்தொகைப் படிவம் என்று எவ்வளவோ இருக்கிறதே.

அதனால் சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்கு 4000 ரூபாய் கட்டுவதோடு நாம் நிறுத்த வேண்டாம். தேர்வு மையத்துக்குப் போய்வர வேன், விண்ணப்பம் நிரப்பக் கூட உட்கார ஓர் ஆள், இரண்டும் வேண்டும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தயார் என்கிறார், மடிக்கணினிதான் இல்லை. யாரிடமாவது பழையது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடலாம்.