பங்கிலாபத்தில் 15 சதவீதம் போகிறது, அப்பாவின் பங்குகளை விற்கலாமா?

உப்புவெளி மகள்:
அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். கொழும்புச் சந்தையில் வாங்கிய 1000 பங்குகள் இருக்கின்றன. போன வாரம் வந்த பங்கிலாபச் சீட்டில் (கம்பனி தன் இலாபத்தில் பங்குதாரருக்குத் தரும் காசு) பங்குக்கு 5 ரூபாப்படி 5000, வரி 750, வங்கிக்குப் போனது 4250. அந்த 750ஐச் சுற்றி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு மேசையில் வைத்திருக்கிறார். அவருடைய ஆண்டு வருமானம் வரிவிலக்கு எல்லையான 18 இலட்சத்துக்குக் கிட்டவும் வராது. நிலையான வைப்பு வட்டிக்கு, வருமானம் அந்த எல்லைக்குள்தான் என்று பிரகடனம் எழுதிக் கொடுத்ததும் வங்கியில் 10 சதவீதம் பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள், இதற்கு மட்டும் ஏன் முடியாது? போதாததற்கு கம்பனிகள் வர வர இலாபத்தை உள்ளேயே வைத்துக்கொள்கின்றன என்கிறார்.

சீனக்குடா அண்ணன்:
தங்கச்சி, 2023 ஜனவரியிலிருந்து தனிநபருக்கு இந்த 15 சதவீதம் இறுதி வரி. வருமானம் குறைந்தவரும் திருப்பிக் கேட்க முடியாது, கோடீஸ்வரரும் மேலே கட்டத் தேவையில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது. கம்பனி உழைத்த 100 ரூபாயில் 30 முதலிலேயே வரியாகப் போகிறது, மீதி 70ஐப் பங்கிட்டால் அதிலும் 10.50 போய் கையில் 59.50தான். பங்கிடாமல் உள்ளே வைத்தால் பங்கு விலை ஏறலாம், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்கை விற்று வரும் ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. பணிப்பாளர் சபையைக் கையில் வைத்திருக்கும், உடனடியாகக் காசு தேவைப்படாத பெரிய பங்குதாரர் எதை விரும்புவார்?

நிலாவெளி:
அண்ணா சொல்வது சரி, ஆனால் வரி மட்டும் காரணமில்லை. எங்கள் திருகோணமலையில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சிமெந்து மாதிரியான கம்பனிக்கு இயந்திரத்துக்கே நிறையக் காசு வேண்டும். ஆனாலும் வரி மாறினால் நடத்தை மாறுகிறது. 2003இல் அமெரிக்கா இந்த வரியின் உச்சத்தை 15 சதவீதமாக இறக்கியது, அதே ஆண்டுதான் மைக்ரோசொஃப்ட் முதன்முதலாகப் பங்கிலாபம் கொடுத்தது, 2004இல் பங்குக்கு 3 டொலர் விசேடமாகவும் கொடுத்தது. 2013இல் வரி கூடப்போகிறது என்றதும் 2012 டிசம்பரில் எத்தனையோ கம்பனிகள் முந்திக்கொண்டு பங்கிட்டன.

அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள்: எல்லாவற்றையும் விற்க வேண்டாம், காசு தேவைப்படும்போது கொஞ்சம் விற்கலாம். தரகும் கட்டணங்களும் சேர்த்து 1.12 சதவீதம்தான். சந்தை விழுந்து கிடக்கும்போது மட்டும் விற்க வேண்டாம்.

உப்புவெளி மகள்:
வாசித்துக் காட்டினேன். அந்தச் சீட்டின் பின்பக்கமே கணக்குப் போட்டார், 5000க்கு விற்றால் கட்டணம் 56 ரூபா. "ஆனால் பங்கு குறையுமே பிள்ளை" என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, இந்த முறை 50 பங்கு மட்டும் விற்றுப் பார்ப்போம் என்றிருக்கிறார்.