நெல் உலர்த்தும் மெசின் வாங்கினால் சுற்றியுள்ளவர்கள் ஒத்துவருவார்களா?

உமிப்புகை:
பரந்தன் பக்கம் சின்னதாக ஒரு புழுங்கல் மில் வைத்திருக்கிறேன். முன்பு அரிவி வெட்டி, கதிரைக் குவித்துச் சூடு வைத்து, அடிக்கிற நேரத்துக்குள் நெல் தானாகவே காய்ந்துவிடும். இப்போது காலபோகத்தில் வெட்டு மெசின் இறங்கினால் மத்தியானத்துக்குள் வயல் வெறுமை, பச்சை நெல் வரம்பிலேயே கைமாறுகிறது, மிச்சப் பேர் வீதியில் படங்கு விரித்துக் காயவிடுகிறார்கள். நெல் சந்தைப்படுத்தும் சபையும் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போனால் முழு விலைக்கு எடுக்காது. அதனால் உலர்த்தும் மெசின் ஒன்று போடலாமென்று யோசனை. காசைக் கொட்டிய பிறகு ஒருவரும் வராவிட்டால்?

வரம்படி:
தம்பி, நான் வெட்டு மெசின் ஓட்டுகிறவன். எனக்குக் கூலி ஏக்கருக்கு, ஈரத்துக்கு இல்லை. மாசியில் அடுத்த வயல்காரர் ஃபோனில் கத்திக்கொண்டிருக்கும்போது உம்முடைய மெசினுக்காக நான் வெயில் ஏறும்வரை காத்திருப்பேனா? உழவு மெசின் பெட்டியை வயலுக்கே அனுப்பினால் சாக்கில் கட்டாமல் அப்படியே கொட்டிவிடுவேன், அது எனக்கும் லேசு. ஆனால் உண்மையான சிக்கல் வேறு. விதைக்கும்போதே உரம், எண்ணெய் என்று வியாபாரியிடம் கடன் வாங்கியவரின் நெல் வெட்டுகிற அன்றே அவருடைய லொறியில் ஏறிவிடும். எவ்வளவு ஈரம் என்று பார்க்க அந்த விவசாயிக்கு வாய்ப்பே இல்லை, மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்றால் தலையாட்ட வேண்டியதுதான்.

அறிவியல்நகர்:
அண்ணை, ரான் அட்னர் என்ற பேராசிரியர் இதைத்தான் கணக்காகச் சொல்கிறார். நாலு பேர் ஒத்துவர வேண்டும், ஒவ்வொருவரும் வருவதற்கு 90 வீத வாய்ப்பு என்றால் நாலையும் பெருக்குங்கள், 66 வீதம்தான். மிஷெலின் என்ற டயர் கம்பனி, காற்றுப் போனாலும் 200 கிலோமீற்றர் வரை ஓடுகிற பாக்ஸ் டயரைக் கொண்டுவந்தது. டயரில் பிழை இல்லை. அதைத் திருத்தத் தனிக் கருவி வேண்டும், கராஜ்காரர்கள் பலர் அதை வாங்கவில்லை. 2007இல் புதிதாக உருவாக்குவதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் கராஜ்காரர் இங்கே வியாபாரிதான்.

ஓமந்தைக் கிழவன்:
பெருக்கல் சரி, ஆனால் மில்காரர் ஏன் மாசியை மட்டும் நினைக்கிறார்? புழுங்கல் மில் என்றால் அவித்த நெல்லையும் குத்துவதற்கு முன் காயவைத்துத்தானே ஆகவேண்டும், ஐப்பசி மழையில் களத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு! அந்த வேலைக்கு யாருடைய தயவும் வேண்டாம், உங்கள் சொந்த நெல்லே மெசினை ஓட்டும். மாசியில் மற்றவர்களின் நெல்லைக் கூலிக்குக் காயவைத்துக் கொடுங்கள். விலைக்கு வாங்காதீர்கள், வியாபாரியோடு மோதாமல் அவரே லொறியோடு உங்களிடம் வருவார், ஈர நெல் சூடேறிப் பழுதாகும் பயம் அவருக்கும் உண்டு. விதைநெல் எடுத்தால் மட்டும் கவனம், சூடு 43 பாகைக்கு மேல் போனால் முளைப்பு குறைந்துவிடும். உமியை இப்போதே செங்கல் சூளைக்கு விற்கிறீர்களா? உலர்த்தும் மெசினின் அடுப்புக்கு அது வேண்டும், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உமிப்புகை:
அவித்த நெல்லை யோசிக்கவே இல்லை. சூளைக்காரர் என் மச்சான்தான், அதுதான் இன்னும் பெரிய பிரச்சினை. வரம்படி அண்ணை, பெட்டி என்னுடையதாக இருந்தால் ஏக்கர் கூலியில் கொஞ்சம் குறைப்பீர்களா?

வரம்படி:
முதலில் பெட்டியைக் காட்டும்.