டெக்ஸ்ட் பாக்ஸ் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது, உதவி தேவை

கேள்வி (ஏற்காடு ஆசிரியை):
வணக்கம். எங்கள் மாணவர்களுக்காக ஏற்காட்டைப் பற்றிய கையேடு ஒன்றை வேர்டில் தொகுத்து வருகிறேன். சேலத்திலிருந்து மலையேறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிய குறிப்பை அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸில் வைத்திருக்கிறேன். மேலே இரண்டு வரி சேர்த்தால் போதும், பெட்டி அடுத்த பக்கத்துக்குப் போய், சேர்வராயன் கோயில் பத்தியை மறைத்துக்கொள்கிறது. 'ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்' கொடுத்த பிறகும் இதே நிலைதான். மேலும், அச்சகத்தில் கோப்பைத் திறந்தபோது, இன்னொரு பெட்டியில் வைத்திருந்த காபித் தோட்டக் குறிப்பின் கடைசி வரிகளைக் காணவில்லை.

பதில் (அஸ்தம்பட்டி வாசகர்):
அம்மா, மிதக்கும் பெட்டி எதுவாயினும் அது ஒரு பத்தியோடு கட்டப்பட்டிருக்கும். அந்தப் பத்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் பெட்டியும் இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த வசதி, பக்கத்துக்குள் பெட்டி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. பெட்டியைச் சொடுக்கினால் ஏதேனும் ஒரு பத்தியின் இடப்புறம் சிறிய நங்கூரக் குறி தெரியும். உங்கள் பெட்டி அடியில் இருப்பதால், அக்குறி பக்கத்தின் கடைசிப் பத்தியில் இருக்கக்கூடும். வரிகள் கூடியதும் அப்பத்தி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட, பெட்டியும் உடன் செல்கிறது. குறியை இழுத்து, சாலையைப் பற்றிய முதல் பத்தியில் விடுங்கள். பிறகு 'மோர் லேஅவுட் ஆப்ஷன்ஸ்' சென்று, 'பொசிஷன்' பகுதியில் 'லாக் ஆங்கர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், பெட்டியை நகர்த்தினாலும் குறி வேறு பத்திக்குத் தாவாது. ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்: அந்தப் பத்தியை முழுதாக நீக்கினால் பெட்டியும் நீங்கிவிடும்.

பதில் (செவ்வாய்ப்பேட்டை, டிடிபி பணி):
வரிகள் மறைவதற்குப் பெரும்பாலும் எழுத்துருவே காரணம். லதாவில் அமைத்த கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நிர்மலா போன்ற வேறொன்று அந்த இடத்துக்கு வரும். எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் மாறுவதால், உயரம் நிலையாக உள்ள பெட்டியில் கடைசி வரிகள் உள்ளேயே மறைந்துவிடும். 'ஃபார்மட் ஷேப்' சென்று 'ரீசைஸ் ஷேப் டு ஃபிட் டெக்ஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அச்சகத்துக்கு எப்போதும் பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். வேர்டு கோப்பை அப்படியே கொடுப்பது, என் அனுபவத்தில், வீண் அலைச்சல்தான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. குறி நீங்கள் சொன்னபடியே கடைசிப் பத்தியில்தான் இருந்தது. மாற்றியபின் பெட்டி அதே பக்கத்தில் நிற்கிறது, வரிகளும் முழுமையாகத் தெரிகின்றன. காபித் தோட்டக் குறிப்புக்கு ஓர் அடிக்குறிப்பு சேர்க்க விரும்புகிறேன். பெட்டிக்குள் கர்சரை வைத்தால் அந்த வசதி செயல்படவில்லையே?

பதில் (அஸ்தம்பட்டி வாசகர்):
வேர்டில் டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் அடிக்குறிப்பு இட முடியாது, அம்மா. அந்த ஒரு குறிப்பை மட்டும் ஒற்றைக் கட்ட அட்டவணையாக மாற்றி, கரைக்கோடும் பின்னணி நிறமும் கொடுத்துவிடுங்கள். பார்வைக்குப் பெட்டியாகவே இருக்கும், அடிக்குறிப்பும் வழக்கம்போல் பக்கத்தின் அடியில் வரும். அட்டவணையைச் சுற்றி வரிகள் ஓடும் அமைப்பை மட்டும் கொடுக்காதீர்கள்.