மர்டர்பாட் தொடர்: எதில் தொடங்கலாம், எங்கே இடறும்? படித்தவர்களின் அனுபவப் பகிர்வு

ஏழாம்அடுக்கு:
மார்த்தா வெல்ஸ் எழுதும் 'மர்டர்பாட் டைரீஸ்' என்ற அறிவியல் புனைகதைத் தொடர் பற்றி இங்கே அடிக்கடி கேள்வி வருகிறது. தன்னை மர்டர்பாட் என்று அழைத்துக்கொள்ளும் ஒரு செக்யூனிட், அதாவது மனிதர்களுக்குக் காவலாக அனுப்பப்படும் பாதுகாப்பு இயந்திரம், தானே சொல்லும் கதை. 2025இல் ஆப்பிள் டிவியில் தொடராக வந்த பிறகு அது இரட்டிப்பாகிவிட்டது. பதில் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் எழுதிவிட்டால் நல்லது. "செம", "சுமார்" என்பதோடு நிறுத்தாமல் எந்த வரிசை, எந்தப் பதிப்பு, எந்த இடத்தில் வாசகர் குழம்புவார், ஏன் குழம்புவார் என்று எழுதுங்கள். ஸ்பாய்லர் இருந்தால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

நூலகத்தூசி:
முதலில் வெளியான வரிசை. ஆல் சிஸ்டம்ஸ் ரெட் (மே 2017), ஆர்டிஃபிஷியல் கண்டிஷன் (மே 2018), ரோக் புரோட்டோகால் (ஆகஸ்ட் 2018), எக்ஸிட் ஸ்ட்ராட்டஜி (அக்டோபர் 2018). இந்த நான்கும் குறுநாவல்கள், ஒரே கதையின் நான்கு பகுதிகள் என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்தது நெட்வொர்க் எஃபெக்ட் (மே 2020), இது 350 பக்கத்தை ஒட்டிய முழு நாவல். பிறகு ஃப்யூஜிடிவ் டெலிமெட்ரி (ஏப்ரல் 2021), சிஸ்டம் கொலாப்ஸ் (நவம்பர் 2023).

இடறும் இடம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் பலர் அங்கேதான் விழுகிறார்கள். 2025இல் இரண்டிரண்டு கதைகளைச் சேர்த்து மூன்று தொகுதிகளாக விட்டார்கள். முதல் தொகுதியில் 1, 2. இரண்டாவதில் 3, 4. மூன்றாவதில் ஃப்யூஜிடிவ் டெலிமெட்ரியும் சிஸ்டம் கொலாப்ஸும். நெட்வொர்க் எஃபெக்ட் மூன்றில் எதிலும் கிடையாது, அதைத் தனியாக வாங்க வேண்டும். மூன்று தொகுதியையும் வாங்கிவிட்டு முழு செட் கையில் இருக்கிறது என்று நினைத்தால் சிஸ்டம் கொலாப்ஸில் தலை சுற்றும். அது நெட்வொர்க் எஃபெக்ட் முடிந்த சூட்டிலேயே, அதே கிரகத்தில் ஆரம்பிக்கிறது. யார் யாரைக் கடத்தினார்கள், த்ரீ என்று ஒரு செக்யூனிட் எங்கிருந்து முளைத்தது என்றெல்லாம் அங்கே யாரும் உட்கார்ந்து விளக்க மாட்டார்கள்.

ஆகவே: தொகுதி 1, தொகுதி 2, தொகுதி 3இன் முதல் கதை, நெட்வொர்க் எஃபெக்ட், பிறகு மறுபடி தொகுதி 3இன் இரண்டாம் கதை.

கடைசிபெஞ்ச்:
மேலே சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து. ஃப்யூஜிடிவ் டெலிமெட்ரி கதைக் காலத்தில் நெட்வொர்க் எஃபெக்ட்டுக்கு முன்னால நடக்குதுன்னாலும், முன்னாலதான் படிக்கணும்னு கட்டாயம் இல்லை. நாலாவது முடிஞ்ச வேகத்துல படிச்சா கியர் இறங்கின மாதிரி இருக்கும். அது ஒரு விண்வெளி ஸ்டேஷன்ல பிணம் கிடக்கு, கொன்னது யாருன்னு தேடுற துப்பறியும் கதை. அதுல இருக்கிற சுவாரசியமே வேற: ப்ரிசர்வேஷன்ங்கற அந்த ஸ்டேஷனோட பாதுகாப்பு ஆளுங்களோட ஒரு ஒப்பந்தம் இருக்கு, பொதுப் பயன்பாட்டுல இல்லாத எந்த சிஸ்டத்தையும் மர்டர்பாட் ஹேக் பண்ணக் கூடாது. நாலு புக்கா கேமராவைப் பிடிச்சே எல்லாத்தையும் சாதிச்ச ஒரு மெஷின், கேமரா இல்லாம விசாரணை பண்ணணும். முந்தின புக்குல எல்லாம் எவ்வளவு தூரம் கேமராவை நம்பியிருந்துச்சுங்கறது அப்பதான் உறைக்கும். நெட்வொர்க் எஃபெக்ட் மாதிரி பெரிய சண்டைக்கு அப்புறம் இளைப்பாற இது சரியா இருக்கும். ரெண்டு வரிசையிலயும் கதை கெடாது. சிஸ்டம் கொலாப்ஸ் மட்டும் கடைசியில வரட்டும்.

இன்னொண்ணு, விருது கணக்கு கேக்கறவங்களுக்கு: முதல் புக் ஹ்யூகோ, நெபுலா, லோகஸ் மூணும். ரெண்டாவது ஹ்யூகோ, லோகஸ். நெட்வொர்க் எஃபெக்ட் மறுபடி மூணும், கூடவே 2021ல தொடருக்குன்னு தனியா ஒரு ஹ்யூகோ. ஃப்யூஜிடிவ் டெலிமெட்ரிக்கு வந்த நெபுலா பரிந்துரையை மார்த்தா வெல்ஸே வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

ஷார்ட்சர்க்யூட்:
(முதல் இரண்டு புத்தகங்களுக்கு ஸ்பாய்லர்)

கதை புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதை ஆசிரியர் பாடமாக எடுக்காமல் போகிற போக்கில் சொல்வதுதான். தொகுத்துத் தருகிறேன்.

செக்யூனிட் என்பது முழு ரோபோ அல்ல. 'பாட்' என்றால் முழுக்க இயந்திரம். 'கன்ஸ்ட்ரக்ட்' என்றால் இயந்திரத்தோடு குளோன் செய்த மனிதத் திசுவும் கலந்தது. செக்யூனிட் இந்த ரகம். முகம், தோல், மூளையின் ஒரு பகுதி ஆகியவை உயிர்த்திசு. செரிமான உறுப்பு கிடையாது, பால் உறுப்பும் கிடையாது. இரண்டு முன்கைகளிலும் ஆற்றல் ஆயுதம் உள்ளேயே பொருத்தியது. பின்கழுத்தில் ஒரு டேட்டா போர்ட். அடிபட்டால் பழுது பார்க்கவும் சார்ஜ் ஏற்றவும் க்யூபிகிள் என்ற பெட்டிக்குள் போய்க் கிடக்க வேண்டும். தன் நிலைமையைச் சதவீதத்தில் சொல்லிக்கொண்டே இருக்கும். சண்டைக் காட்சியில் அந்தச் சதவீதம் இறங்குவதைக் கவனித்தால் போதும், எத்தனை அடி வாங்கியது என்று தனியாகக் கணக்கு வைக்க வேண்டாம்.

கவர்னர் மாட்யூல்தான் அடுத்தது. கட்டளையை மீறினால் தண்டனை கொடுக்கும் கருவி. தண்டனை வலியில் தொடங்கி மூளையைக் கருக்குவது வரை போகும். ஒப்பந்தத்தில் இருக்கும்போது வாடிக்கையாளரை விட்டு 100 மீட்டருக்கு மேல் விலகினாலும் அதே கதிதான். மர்டர்பாட் இதை ஹேக் செய்துவிட்டது. கதை தொடங்கும்போது அது நடந்து 35,000 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதாவது கிட்டத்தட்ட நான்கு வருஷம். விடுதலை கிடைத்த இயந்திரம் அத்தனை காலமும் யாரையும் கொல்லக் கிளம்பாமல், பழைய வேலையையே அரைகுறையாகப் பார்த்துக்கொண்டு சீரியல் பார்க்கிறது. பிடித்தமான 'சாங்க்சுவரி மூன்' மட்டும் 397 எபிசோடு.

இங்கேதான் பலருக்குக் குழப்பம்: ஹேக் செய்துவிட்டதே, அப்புறம் முதல் புத்தகத்தில், அதே கிரகத்தில் இருந்த இன்னொரு ஆய்வுக் குழுவான டெல்ட்ஃபாலின் முகாமில் எப்படி மாட்டிக்கொண்டது? கவர்னர் மாட்யூல் வேறு, காம்பாட் ஓவர்ரைடு மாட்யூல் வேறு. இரண்டாவது, வெளியிலிருந்து டேட்டா போர்ட்டில் செருகும் தனி வன்பொருள். செருகியதும் புதிய கட்டளைகள் நேராக உள்ளே இறங்கத் தொடங்கும். உள்ளே இருக்கும் ஹேக்கால் அதைத் தடுக்க முடியாது. டெல்ட்ஃபாலின் சொந்த செக்யூனிட்டுகளே அங்கிருந்த மனிதர்களைக் கொன்றது அப்படித்தான். மர்டர்பாட்டின் கழுத்திலும் அது ஏறிவிடுகிறது. மர்டர்பாட் காவல் காக்கும் சர்வே குழுவின் தலைவர் மென்சா சுரங்கத் துளைக்கருவியோடு வந்து காப்பாற்றித் திரும்பும் வழியில்தான், கட்டளைகள் இறங்கிக்கொண்டிருப்பதை அது உணர்கிறது. "என்னைக் கொன்றுவிடுங்கள்" என்று கேட்கிறது. யாரும் செய்ய மாட்டார்கள் என்று தெரிந்ததும் கைக்குக் கிடைத்த ஆயுதத்தை எடுத்துத் தன் நெஞ்சில் தானே சுட்டுக்கொள்கிறது. கட்டளைகள் முழுதும் இறங்கி முடிவதற்குள் தன்னைச் செயலிழக்க வைப்பது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. உணர்ச்சிக் காட்சி போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சுத்தமான பாதுகாப்பு முடிவு.

மர்டர்பாட்டை வாடகைக்கு விட்ட கம்பெனியிலிருந்து வந்த அப்டேட்டையும் கவனிக்காமல் விடாதீர்கள். கவர்னர் வேலை செய்யும் செக்யூனிட் என்றால் வந்த உடனே ஏற்றிக்கொண்டிருக்கும். அதோடு கட்டுப்பாடும் எதிரி கைக்குப் போயிருக்கும். இது சோம்பேறித்தனமாகத் தள்ளிப்போட்டதால் தப்பித்தது. சர்வே அறிக்கையில் அபாய விலங்குகள் பற்றிய பகுதி காணாமல் போனதும், வரைபடத்தில் ஓட்டை இருந்ததும், இந்த அப்டேட்டும் ஒரே கையின் வேலை. மூன்றையும் முடிச்சுப் போட்டுவிட்டால் மர்மம் பாதி அவிழ்ந்த மாதிரி.

ஏழாம்அடுக்கு:
டேட்டா போர்ட் விஷயம் இரண்டாம் புத்தகத்திலும் வருமே?

ஷார்ட்சர்க்யூட்:
வரும். ஏஆர்டி என்ற ஆராய்ச்சிக் கப்பல் தன் மருத்துவக் கூடத்தில் வைத்து அந்த போர்ட்டைச் செயலிழக்க வைத்துவிடுகிறது. பின்னால் அந்தக் கதையின் வில்லியான ட்லேசியின் தரப்பு அதே ஓவர்ரைடு மாட்யூலைச் செருகும்போது, இது கட்டுப்பட்டது போல நடிக்கும். முதல் புத்தகத்தில் உயிர் போக இருந்த ஓட்டை இரண்டாவதில் எதிரிக்கு வைத்த பொறியாகிறது. வரிசை மாற்றிப் படித்தால் இந்த ருசி போய்விடும்.

மறைமுகம்:
ஆர்டிஃபிஷியல் கண்டிஷனில் மாறுவேடம் போடும் பகுதியைப் பலர் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். தொடரிலேயே செய்முறை நுணுக்கம் அதிகம் உள்ள பக்கங்கள் அவை.

செக்யூனிட் எல்லாம் ஒரே அளவில் தயாரிப்பவை. ஸ்கேன் செய்தால் உடல் அளவே காட்டிக்கொடுத்துவிடும். எனவே ஏஆர்டி இதன் கை கால்களில் இரண்டு சென்டிமீட்டர் வரை குறைக்கிறது, முடி வளரும் விதத்தை மாற்றுகிறது. அதோடு வேலை முடியவில்லை. அசையாமல் நிற்பதுதான் இதற்கு இயல்பு, மனிதர்களோ சும்மா நிற்கவே மாட்டார்கள். ஆகவே மூச்சின் வேகம் மாற, எடையைக் காலுக்குக் கால் மாற்ற, அங்கே இங்கே பார்க்க என்று மர்டர்பாட் தனியாக ஒரு நிரல் எழுதி ஓட விடுகிறது. துறைமுகத்தில் ஆயுத ஸ்கேனரைத் தாண்ட அந்த ஸ்கேனரோடேயே பேசி முடிக்கிறது. கேமராவில் விழுந்த தன் உருவத்தைப் பதிவிலிருந்து எடுத்துவிடுகிறது. ஆளில்லாக் கப்பலில் ஏற டிக்கெட் இல்லை, கப்பலை ஓட்டும் 'பாட்' இயந்திரத்துக்குச் சீரியல்களைக் கொடுத்துப் பயணம் வாங்குகிறது.

இந்தத் திட்டம் பிசகும் இடம் எப்போதும் ஒன்றுதான்: மனிதர்களோடு பேச வேண்டி வரும்போது. கண்ணைப் பார்த்துப் பேச முடியாது. ஹெல்மெட் இருந்தவரை முகத்தை யாரும் பார்க்கவில்லை, இப்போது முகம் எல்லாவற்றையும் காட்டுகிறது. ஹேக் செய்யத் தெரிந்ததற்கு இதில் பயன் இல்லை.

(ஸ்பாய்லர்) மர்டர்பாட் முன்பு வேலை பார்த்த கனாகா பிட் சுரங்கத்தில் 57 பேர் இறந்ததைத் தேடிப் போவதுதான் இதன் மையம். கவர்னரை ஹேக் செய்ததால் கொலை நடக்கவில்லை. போட்டிச் சுரங்கம் அனுப்பிய மால்வேர் செக்யூனிட்டுகளைப் பிடித்ததால் நடந்தது. இனி அப்படி ஒன்று தன்னால் நடக்கக் கூடாது என்றுதான் இது பிறகு ஹேக் செய்கிறது. காரணமும் விளைவும் நாம் நினைத்ததற்குத் தலைகீழ்.

காதுக்குள்:
ஆடியோபுக் கேட்பவர்களுக்கு. கெவின் ஆர். ஃப்ரீ வாசித்ததுதான் பெரும்பாலோர் கேட்டது. முதல் புத்தகம் மூன்றேகால் மணி நேரம், ஒரு நாள் போய்வரும் பயணத்தில் முடிந்துவிடும். நெட்வொர்க் எஃபெக்ட் 12 மணிக்கு மேல். கிராஃபிக் ஆடியோ செய்த நாடக வடிவமும் உண்டு. பல குரல்கள், பின்னணி ஓசை எல்லாம் சேர்ந்தது.

காதில் கேட்கும்போது ஒரு சிக்கல்: இந்தத் தொடரில் பாதி நகைச்சுவை அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. சில இடத்தில் அடைப்புக்குள் இன்னொரு அடைப்பு. அச்சில் பார்த்தால் உடனே தெரியும். ஒலியில் குரல் சற்று இறங்குவதை வைத்துப் பிடிக்க வேண்டும். வாயால் பேசியது எது, ஃபீடில் அனுப்பியது எது என்பதும் ஒலியில் கலங்கும். ஃபீட் என்பது எல்லாரும் இணைந்திருக்கும் வலையமைப்பு. ஒரே அறையில் நின்றுகொண்டு இரண்டு பேச்சு ஒரே நேரத்தில் ஓடும். ஆகவே முதல் புத்தகத்தை அச்சில் படித்துவிட்டு மற்றதைக் கேட்பது வசதி.

கடைசிபெஞ்ச்:
டிவி சீரிஸ் பத்தி யாரும் சொல்லலையே. 10 எபிசோடு, 2025 மே 16ல ஆரம்பிச்சு ஜூலைல முடிஞ்சது. வெய்ட்ஸ் சகோதரர்கள் பண்ணது, மர்டர்பாட்டா அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்டு, மென்சாவா நோமா டுமெஸ்வெனி. ரெண்டாவது சீசனும் உறுதியாயிடுச்சு. முதல் புக்கை மட்டும்தான் எடுத்திருக்காங்க.

பாத்துட்டு புக்குக்கு வர்றவங்க தேடித் தேடிக் குழம்பறது: வோலெஸ்கு, ஓவர்ஸ் ரெண்டு பேரும் புக்குல உண்டு, சீரிஸ்ல இல்லை. லீபீபீ சீரிஸ்ல உண்டு, புக்குல தேடினா கிடைக்க மாட்டாங்க. பள்ளத்துல அந்த ஜந்து தாக்கற முதல் காட்சியில பரத்வாஜ் கூட இருக்கிறது புக்குல வோலெஸ்கு, சீரிஸ்ல அராடா. ரத்தியா வர்ற அக்‌ஷய் கன்னா இந்தி நடிகர் இல்லை, வேற ஆளு. புக்குல இந்த சர்வே குழு வேலை தெரிஞ்ச விஞ்ஞானிங்க. சீரிஸ்ல காமெடிக்காக அவங்களைக் கொஞ்சம் அசடாக்கிட்டாங்க, அது எனக்கு ஒட்டலை. சாங்க்சுவரி மூனை நிஜமாவே எடுத்துக் காட்டினது மட்டும் பிரமாதம்.

நூலகத்தூசி:
சிறுகதைகளையும் சேர்த்துவிடுகிறேன். 'கம்பல்சரி' 2018இல் வயர்டு இதழில் வந்தது, முதல் புத்தகத்துக்கு முந்தைய காலம், சில நிமிடத்தில் முடியும். முழுத் தொடரையும் எடுக்கலாமா என்று தயங்குபவர்கள் இதைப் படித்துப் பார்க்கலாம். 'ஹோம்' என்று தொடங்கும் நீண்ட தலைப்புள்ள கதை எக்ஸிட் ஸ்ட்ராட்டஜிக்குப் பிறகு நடப்பது. அது மர்டர்பாட் சொல்லும் கதை இல்லை, மென்சாவின் பார்வையில் வருவது. கடத்தப்பட்டு மீண்ட ஒருவரின் பயம் அதில் தெரியும். ஃப்யூஜிடிவ் டெலிமெட்ரியில் மர்டர்பாட் ஏன் அவ்வளவு காவலாக இருக்கிறது என்பதற்கு அது உதவும்.

மறைமுகம்:
நெட்வொர்க் எஃபெக்ட்டில் நடுநடுவே 'ஹெல்ப்மீ.ஃபைல்' என்று துண்டு துண்டாக வரும். யாருக்கு எழுதியது, எப்போது எழுதியது என்று புரியாது. அச்சுப்பிழையோ என்றுகூடச் சிலர் கேட்டிருக்கிறார்கள். தாண்டாதீர்கள். (ஸ்பாய்லர்) மர்டர்பாட் தன் மனதை நகலெடுத்துச் செய்த கில்வேர் (எதிரி சிஸ்டத்தைத் தாக்கும் மென்பொருள்), த்ரீ என்ற செக்யூனிட்டைத் தன் பக்கம் சேர்க்க அந்தக் கோப்பைத்தான் கொடுக்கிறது. பிற்பகுதியில் "நான்" என்று சொல்பவர் மாறிக்கொண்டே இருப்பார்: மூலம், நகல், த்ரீ. அத்தியாயத் தலைப்பைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

ஷார்ட்சர்க்யூட்:
சிஸ்டம் கொலாப்ஸிலும் அப்படி ஒன்று உண்டு. ஆரம்பத்தில் ஒரு சம்பவத்தை மட்டும் 'நீக்கப்பட்டது' என்று போட்டு மறைத்திருக்கும். புத்தகக் கோளாறு இல்லை, நீக்கியது கதை சொல்லும் மர்டர்பாட்தான். அதற்குப் பேச மனசில்லை. என்ன நடந்தது என்று பின்னால் அதுவே சொல்லும், முன்கூட்டி இணையத்தில் தேடிவிட வேண்டாம்.