மலை உச்சியில மரம் இல்லாத இடத்துல விதைப்பந்து போடலாமா? முத்துக்குழி வயல் பக்கம் போனவங்க சொல்லுங்க

பூதப்பாண்டி பையன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு வாட்சப் குரூப்புல ஒரு பிளான் ஓடிட்டு இருக்கு, அடுத்த மழைக்கு முன்ன விதைப்பந்து நெறைய உருட்டி மலை மேல மொட்டையா கிடக்குத இடத்துல எல்லாம் போடணும்னு, ட்ரோன் வச்சிருக்க ஒரு பையனும் வாறேன்னு சொல்லியிருக்கான். தடிக்காரன்கோணம் தாண்டி நின்னு பாத்தா தெரியும்லா, கீழ ரப்பர், அதுக்கு மேல கருகருன்னு காடு, அதுக்கும் மேல உச்சி மட்டும் வழுவழுன்னு பச்சையா கிடக்கும். அங்க முன்ன காடு இருந்துச்சு, வெள்ளைக்காரன் காப்பி போட வெட்டிட்டான்னு ஒரு அண்ணாச்சி சொல்லுதாரு. இன்னொருத்தரு ஆதியில இருந்தே அப்படித்தான்னு சாதிக்காரு. எது சரி? கோதையாறுக்கு மேல உச்சியில முத்துக்குழி வயல்னு ஒரு இடம், பேரு கேட்டதோட சரி, மேல அப்படி என்னதான் இருக்கு? சும்மா கிடக்குத இடம்னா நாலு மரம் வந்தா நல்லதுதானே?

குலசேகரத்தான்:

எடே ட்ரோனா? அது கன்னியாகுமரி வன உயிரின சரணாலயம் மக்கா, 402 சதுர கிலோமீட்டர், நம்ம மாவட்டத்து மலை முக்காவாசி அதுக்குள்ளதான் கிடக்கு. அனுமதி இல்லாம பறக்க விட்டா விதை முளைக்கதுக்கு முன்ன உங்க மேல கேஸ் முளைச்சிரும். மொதல்ல ரேஞ்சர் ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை கேளு. மத்தத வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.

ரிட்டயர்டு ஈபி:

தம்பி, நான் மின்வாரியத்துல இருந்தவன், கோதையாறுல கொஞ்ச காலம் கீழயும் கொஞ்ச காலம் மேலயுமா ஓட்டுனேன். கீழ் கோதையாறுல இருந்து மேல போக வின்ச்சு, அதாவது கம்பி கட்டி மலை மேல இழுக்குத வண்டி உண்டு, அது எங்களுக்கு மட்டுந்தான். ரோட்டு வழி போணும்னா கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் திருநெல்வேலி ஜில்லா சுத்தி அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, மாஞ்சோலை, நாலுமுக்கு, குதிரைவெட்டின்னு ஏறணும், நம்ம வீட்டு மச்சுக்குப் போக அடுத்த தெரு வழியா ஏணி வச்ச கதைதான்.

மேல ஏறுனா மொதல்ல உறைக்கது காத்து. ஆடியில ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காத்தாடி எல்லாம் பேய் பிடிச்ச மாதிரி சுத்துதுல்லா, அந்தக் காத்து உச்சியில நின்னா நேரா வந்து அறையும், குடைலாம் பிடிக்கவே முடியாது, கோட்டு போட்டாலும் நனைஞ்சிரும். மேட்டுல எல்லாம் புல்லு, ஊடால ஊடால சின்ன ஈச்சஞ்செடி, பாறை. ரெண்டு மேடு சேருத பள்ளத்துல மட்டும் சோலை, அதுவும் உயரமான மரம் இல்ல, குட்டையா கோணலா, கிளை பூரா பாசியும் பூச்செடியும் தொத்திக்கிட்டு நிக்கும். புல்லுல இருந்து ஒரு எட்டு வச்சா சோலைக்குள்ள இருட்டு, நடுவுல ரெண்டுங்கெட்டான்னு ஒரு இடமே கிடையாது. பள்ளத்துல கால வச்சா சொதசொதன்னு தண்ணி ஊறும், எந்த மழையும் இல்லாத மாசி மாசத்துலயும் ஊறும். அந்த ஊத்துதான் கோதையாறு, அதுதான் அணையில நின்னு ரெண்டு பவர் ஹவுசுலயும் சேத்து 100 மெகாவாட் மிசினை சுத்திட்டு, பொறவு பேச்சிப்பாறைக்கு வந்து உங்க ஊரு வயலுக்கு பாயுது. அங்க எதையாவது கிண்டுறதுக்கு முன்ன இத நெனச்சுக்கோ.

சும்மா கிடக்குத இடம்னு சொன்னியே, அதுக்குத்தான் இவ்வளவு எழுதுதேன். மிளா கூட்டம் சாயந்தரம் புல்லுக்கு இறங்கும். காட்டுமாடு நிக்கும், தூரத்துல பாத்தா கரும்பாறைன்னு தோணும், பொறவு பாறை தலைய தூக்கும். யானைக்கு அது வழி, தங்குத இடமும் அதுதான். சோலைக்குள்ள கருமந்தி கூப்பாடு போட்டா பக்கத்துல புலியோ சிறுத்தையோ நடக்குதுன்னு அர்த்தம், நாங்க ஷெட்டை விட்டு வெளிய வர மாட்டோம். இது எல்லாத்தையும் விட தொந்தரவு அட்டை, புகையிலையும் சுண்ணாம்பும் தேச்சாலும் மழைக்காலத்துல ஷூக்குள்ள ஏறிடும்.

வரையாடு பாறை விளிம்புலதான் நிக்கும். கிழட்டுக் கிடா முதுகுல சாம்பல் பூசுன மாதிரி வெளுப்பு தெரியும். அதுக்கு புல்லும் வேணும், பக்கத்துலயே செங்குத்தா பாறையும் வேணும், செந்நாய் வந்தா ஒரே பாய்ச்சல்ல மனுசன் இறங்க முடியாத எடத்துக்கு போயிரும். மரம் வந்து மறைச்சா வாறவன் தெரியவும் மாட்டான், திங்க புல்லும் இருக்காது.

சோலைப்பட்சி:

ஈபி அண்ணாச்சி சொன்னது சரி. காப்பிக் கதையும் பொய் இல்ல, ஆனா இடம் மாறிப் போச்சு. அசம்பு மலையில, அதான் நம்ம இந்த மலையில, வெள்ளைக்காரன் காப்பிக்கு வெட்டுனது நடு உயரத்துல இருந்த மரக்காட்டை, மாறாமலை, பாலமோர் பக்கம் எல்லாம் அப்படி வந்த எஸ்டேட்டுதான், இப்ப கிராம்பு நிக்கி, 2021ல புவிசார் குறியீடு வாங்குனது அந்த கிராம்புதான். உச்சியில புல்லு கிடக்குத மேட்டுல மண்ணு கனமே கிடையாது, காத்தும் விடாது, அங்க எவனும் காப்பி போட மாட்டான்.

இந்த மாதிரி புல்வெளி எவ்வளவு பழசுன்னு நீலகிரியில பாத்திருக்காங்க. சதுப்புல செடி மக்கி அடுக்கடுக்கா படிஞ்ச கரிமண்ணை தோண்டி எடுத்து சோதிச்சா 20,000 வருசத்துக்கு முன்னயே அங்க புல்லு இருந்தது தெரியுது, 1993ல வந்த ஆராய்ச்சி. வெள்ளைக்காரன் இல்ல, வெவசாயமே அப்ப கிடையாது. குளிர் கூடுன காலத்துல புல்லு பரவியிருக்கு, மழை கூடுன காலத்துல சோலை ஏறியிருக்கு, ரெண்டும் மாறி மாறி எல்லை பிடிச்சுட்டே வந்திருக்கு. அப்புறம் அதே நீலகிரியில பாழ் நிலம்னு நெனச்சு சீகை மரமும் யூக்கலிப்டசும் நட்டு புல்வெளியை தொலைச்சாச்சு, இப்ப அத வெட்டி எடுக்க கோர்ட்டு வரை போக வேண்டியிருக்கு. உங்க குரூப்பு நல்ல மனசோட செய்யப்போறதும் அதையேதான்.

பறவையும் சொல்லிடுறேன், எனக்கு அதுதான் பைத்தியம். செங்கோட்டை கணவாய்க்கு தெக்க மட்டுமே இருக்குத சோலைக்கிளி ஒண்ணு உண்டு, பேருலதான் கிளி, கிளி இனம் இல்ல, நீல நிறம், சிட்டு சைசு, அஷாம்பு சோலைக்கிளின்னு 2017ல தான் தனி இனம்னு பிரிச்சாங்க. நம்ம மலைப் பேரு அறிவியல் பேருலயே இருக்கு, நம்ம ஊரு பயலுவளுக்கு தெரியாது. சிரிப்பான் இனம் ஒண்ணும் அதே மாதிரி இந்த மலைக்கு மட்டும். ரெண்டும் சோலைக்குள்ள, சோலை ஓரத்துல வாழுதது. அதுக்கு மேட்டுல புதுசா மரம் வேண்டாம், இருக்குத சோலை எரியாம இருந்தா போதும்.

வடசேரி அக்கா, இப்ப யார்க்ஷயர்:

நான் இங்க இங்கிலாந்துல நர்ஸா இருக்கேன், லீவு நாள்ல வீட்டுக்காரரோட நார்த் யார்க் மூர்ஸ்னு ஒரு மேட்டு வெளிக்கு போவோம். மொத தடவ பாத்ததும் எனக்கு நம்ம கோதையாறு ஞாபகந்தான் வந்துச்சு, மரமே இல்லாம மேடு மேடா, மூடுபனி, காத்து, கால வச்சா கரிமண்ணு சேறு. உயரம் ஒண்ணும் பெருசில்ல, ரொம்ப உசந்த இடமே 454 மீட்டர்தான், நம்ம மருங்கூர்காரன் கேட்டா சிரிப்பான். ஆனா ஆகஸ்ட்ல ஹெதர்னு ஒரு குத்துச்செடி பூத்து மலை பூரா ஊதாவா மாறும், அத பாக்க கூட்டம் கூடும்.

இங்க விஷயம் தலைகீழ். இந்த வெளி பூரா மனுசன் ஆக்குனது. ஆயிரக்கணக்கான வருசம் முன்ன மரத்த வெட்டியிருக்காங்க, அப்புறம் ஆடு மேய்ஞ்சும் தீ வச்சும் மரம் திரும்ப வராம பாத்துக்கிட்டாங்க. இப்பவும் அக்டோபர்ல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் துண்டு துண்டா எரிப்பாங்க, க்ரவுஸ்னு கவுதாரி மாதிரி ஒரு பறவைக்கு இளந்தளிர் வேணும்னு. அதுவும் பறவை மேல பாசத்துல இல்ல, ஆகஸ்ட் 12ல இருந்து துப்பாக்கி எடுத்துட்டு வேட்டைக்கு வருவாங்க பணக்காரங்க. இதுனால கரிமண்ணு காஞ்சு போகுதுன்னு பெரிய சண்டை நடக்கு, ஆழமா கரிமண்ணு உள்ள பாதுகாக்கப்பட்ட இடத்துல 2021ல இருந்து அனுமதி இல்லாம எரிக்க கூடாதுன்னு சட்டம். இங்க சில இடத்துல மரம் நடுங்கன்னு கேக்கதுல ஒரு நியாயம் இருக்கு தம்பி, ஆனா அத வாட்சப்ல பாத்துட்டு நம்ம மலைக்கும் போட்டா பொருந்தாது.

எனக்கு இங்க பிடிச்சது ஒண்ணு: மார்ச்ல இருந்து ஜூலை வரைக்கும் நாய கயித்துல பிடிச்சுத்தான் கூட்டிட்டு போணும். கோட்டான் (ஆந்தை இல்ல, நீள வளைஞ்ச மூக்கு உள்ள பறவை), தங்க உப்புக்கொத்தி எல்லாம் தரையில முட்டை போடுத காலம். அந்த கோட்டான் இனம் நம்ம தூத்துக்குடி கடலோரத்துக்கும் குளிர்காலத்துல வரும்.

பூதப்பாண்டி பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னதுல ஒரு சந்தேகம், பங்குனியில நம்ம மலையிலயும் ராத்திரி தீ வரிசையா தெரியுமே, அதுவும் புல்லுக்கு நல்லதா? பின்ன அரிக்கொம்பன் யானைய கொண்டு விட்டது இங்கதானா?

சோலைப்பட்சி:

ஆமா, 2023 ஜூன்ல கம்பம் பக்கத்துல பிடிச்சு லாரியில ஏத்தி இந்த முத்துக்குழி வயல் பக்கந்தான் விட்டாங்க. புல்லு, தண்ணி, சோலை மூணும் அடுத்தடுத்து உள்ள இடம் யானைக்கு வேற எங்க கிடைக்கும். அவன் வந்த பொறவுதான் நம்ம ஆளுங்களுக்கு இப்படி ஒரு இடம் இருக்குன்னே தெரிஞ்சுச்சு.

தீ நல்லதுன்னு பொதுவா சொல்லிர முடியாது. எப்பவாவது ஒருக்க எரிஞ்சா புல்லுக்கு வேரு மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கும், மழை விழுந்ததும் தளிர்க்கும். வருசா வருசம் எரிஞ்சா சோலை ஓரத்து மரக்கன்னு எல்லாம் செத்து, சோலை சுருங்கும். கீழ்ச்சரிவுல நீங்க பாக்குத தீ முக்காலும் ஆளு வச்சது, மேய்ச்சலுக்குன்னு வைப்பான், பீடிய போட்டுட்டு போவான். உங்க குரூப்புக்கு ஆளு பலம் இருக்குன்னா மாசி பங்குனியில தீத்தடுப்புக் கோடு வெட்ட வனத்துறைக்கு ஆளு வேணுமான்னு கேட்டுப் பாருங்க, அது வெயில்ல முதுகு ஒடியுத வேலை, போட்டோவும் நல்லா வராது, அதான் ஒருத்தனும் வரமாட்டான்.

குலசேகரத்தான்:

விதை போட்டே ஆகணும்னு கை துடிச்சுதுன்னா நாஞ்சில் நாட்டுல குளத்துக்கா பஞ்சம்? ஆவணி புரட்டாசியில பனங்கொட்டை சும்மாவே கிடைக்கும், குளத்தங்கரையில ஊனுங்க. அதுக்கும் நீர்வளத்துறையில கேட்டுட்டு செய்யுங்க, கரையோட எந்தப் பக்கம் வைக்கணும்னு அவங்க சொல்லுவாங்க. பூதப்பாண்டி பக்கம்னா எனக்க மச்சான் ஒருத்தன் டெம்போ ஓட்டுதான், கொட்டை ஏத்த வேணும்னா சொல்லு, டீசல் காசு மட்டும் நீங்க பாத்துக்கிடணும்.

பூதப்பாண்டி பையன்:

டெம்போ வேணும் அண்ணே, இன்பாக்ஸ்ல வாங்க. இந்தத் திரியை அப்படியே குரூப்புல போட்டுட்டேன், ட்ரோன் பையன் மட்டும் கொஞ்சம் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கான்.